கரண்ட் வேண்டாத தண்ணீர்

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், பள்ளிக்கூடப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து என் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் முடக்கிக்கொண்டேன். ஊன்றிய வலது கையின் மணிக்கட்டு முறிந்தது. இடது தோள் பக்கத்துத் தண்ணீர்க் கானின் சிமெந்து விளிம்பில் மோதி, கழுத்துக்குக் கீழே காறை எலும்பு உடைந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் வலது கைக்கு முழங்கைக்குக் கீழிருந்து விரல் முட்டி வரைக்கும் பிளாஸ்டர் போட்டார்கள். இடது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கை இல்லாமல் ஒரு மனுஷி என்னென்ன செய்ய முடியாது என்று அப்போது நான் யோசித்திருக்கவில்லை.

நான் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். அதே தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள். என் கணவர் அங்கே கொழுந்து லொறி ஓட்டுகிறார். லயத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. பாத்ரூம் மட்டும் வீட்டோடு சேரவில்லை. பின்வாசலிலிருந்து பதினாலு படி இறங்கி, ஒரு கானைத் தாண்டிப் போக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய முழங்கால் வலிக்காக அதில் மேலே உட்காருகிற கொமட் வைத்தோம். உள்ளே ஒரு பல்ப் எரியும். அதன் சுவிட்ச்கூட வீட்டுக்குள்தான்.

மகள் கொழும்பில் வேலை பார்க்கிறாள். லீவு போட்டு வந்து நாலு நாள் எனக்கு எல்லாம் செய்தாள். ஒரு காலத்தில் அவளுக்கு நான் செய்ததுதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலை அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். பத்து மணி போல நான் பின்வாசலில் போய் நின்றேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

அவரே வந்தார். "வா, போவோம்" என்றார்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஒரு பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறோம். ஆனாலும் அந்தப் பதினாலு படியை அவரோடு இறங்கியது போல ஒரு தூரத்தை நான் நடந்ததில்லை. உள்ளே அவர் ஒரு கையால் ஜக்கில் தண்ணீர் அள்ளி ஊற்றி, மற்றக் கையால் என்னைக் கழுவினார். நான் ஒரு சுவரைப் பார்த்தேன், அவர் இன்னொரு சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பேசினார்.

"பெரகல வளைவுல இன்னைக்கு ஒரே மூட்டம். முன்னுக்கு வந்த பஸ்காரன் லைட்டே போடல. ரெண்டாம் கியருக்கு எறங்கிட்டேன். இல்லாட்டி கொழுந்தெல்லாம் கீழ பள்ளத்துக்குத்தான் போயிருக்கும்."

வீட்டில் அவர் அவ்வளவு பேசுகிறவர் இல்லை. அந்தச் சில நிமிஷமும் என் காதில் வேறு எதுவும் விழக் கூடாது என்றுதான் அவர் கியரையும் பிரேக்கையும் பற்றிப் பேசினார் என்று மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதருக்குள் இப்படி ஒருவர் இத்தனை காலம் இருந்திருக்கிறாரே என்று திகைப்பாக இருந்தது. திகைப்பு இருந்தாலும் கூச்சம் போகவில்லை. நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். உள்ளே போவது குறைந்தால் வெளியே போவதும் குறையும் என்று ஒரு கணக்கு.

அவர் கவனித்துவிட்டார்.

"நீ ரெண்டு நாளா தேத்தண்ணியே குடிக்கல."

"வேணாங்க. புளிச்ச ஏப்பமா வருது."

"பொய் சொல்லாத. எனக்கு இதுல என்ன கஷ்டம்? தெனம் லொறியக் கழுவுறேன், ஒன்னையக் கழுவ மாட்டேனா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் காறை எலும்பு குத்தும். குத்தியதும் அழுகை வந்தது. அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, நான் முடிக்கும் வரை அப்படியே நின்றார்.

அன்று பின்னேரம் மகளுக்குக் கோல் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் உடனே போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். கொமட் மேலே பூட்டுகிற ஓர் இருக்கை. பக்கத்தில் வரிசையாகப் பொத்தான்கள். "அம்மா, இதுக்குப் பேரு பிடே. பொத்தான அமுக்கினா அதுவே கழுவிவிடும். சுடுதண்ணி வரும். காத்து ஊதிக் காய வைக்கும்" என்றாள். நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன். ஹல்துமுல்லைக் குளிரில் சுடுதண்ணீர் என்ற சொல்லே பாதி சொர்க்கம்.

மறுநாள் வயரிங் செய்கிறவரைக் கூட்டிவந்தோம். அவர் பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். ஈரச் சுவரைத் தடவினார். வெளியே வந்து கானையும் படியையும் பார்த்தார்.

"இங்க பிளக் போடச் சொல்லாதீங்க டீச்சர். வீட்டுல இருந்து தனி வயர் இழுத்து, எர்த் போட்டு, அப்பவும் எனக்குப் பயம்தான். இந்த ஈரத்துல ஒக்காந்துகிட்டுக் கரண்டோட வெளையாடுறதா? ஒங்களுக்கு ரெண்டு கையும் வேற இல்ல."

அவர் சொன்னது நியாயம். மழைக்காலத்தில் எங்கள் பாத்ரூம் சுவரில் பாசி பிடிக்கும், தகரத்துக் கூரையிலிருந்து சொட்டும். சுடுதண்ணீர் ஆசையை அங்கேயே விட்டேன்.

அடுத்த கிளினிக் நாளில் பதுளையில் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும், பஸார் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குள் போனோம். முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர். என் கணவர் வயது இருக்கும். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். என் கணவர் மெதுவாக, "நானா, பாத்ரூமுக்கு ஒரு சாமான் வேணும்" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் சொல்ல முடியாமல் ஆணிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"உள்ளுக்கு வாங்க டீச்சர்" என்றார். கண்ணாடி போட்ட பெண்கள் எல்லோரும் அங்கே டீச்சர்தான்.

உள் அறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு என்னை உட்கார வைத்தார். "எங்க உம்மாவுக்கு ஒரு பக்கம் வாதம் வந்து ரெண்டு வருஷம். இதக் கேக்க எங்கிட்ட வெக்கப்படாதீங்க. கழுவ முடியாமப் போனா மனுஷருக்கு எவ்வளவு பாரம்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அந்தப் பேச்சில் எனக்குப் பாதிக் கட்டு அவிழ்ந்தது போல இருந்தது. பாத்ரூமில் பிளக் இல்லாத கதையைச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கரண்டே வேணாம். தண்ணிக்குத் தன்னோட பலம் இருக்கே" என்றார்.

முதலில் குழாய் நுனியில் கைப்பிடி வைத்த ஒரு ஸ்பிரேயை எடுத்தார். அவரே என் விரல்களைப் பார்த்துவிட்டு, "இது கை நல்லா இருக்கிறவங்களுக்கு" என்று திரும்ப வைத்தார். பிறகு மெல்லிய வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்தார். கொமட்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் செருகிப் பூட்டுவது. பின்னால் இருக்கிற சிஸ்டன் தொட்டிக்குப் போகிற தண்ணீரில் ஒரு கிளை பிரித்து இதற்குக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் வட்டமான திருகு. நான் பிளாஸ்டர் கையை அதன் மேல் வைத்துத் திருகப் பார்த்தேன். மணிக்கட்டு திரும்பாமல் திருகு எப்படித் திரும்பும்? மூன்றாவதாக எடுத்த தட்டில் திருகுக்குப் பதில் விரல் நீளத்துக்குத் தள்ளுகிற நெம்பு ஒன்று இருந்தது. அவர் அதை என் கதிரைக்கு வலப்பக்கம் சரியான உயரத்தில் பிடித்துக்கொண்டார்.

"முழங்கையால தள்ளுங்க."

தள்ளினேன். போனது. இழுத்தேன். வந்தது. மூன்று வாரத்தில் நான் சொன்னபடி கேட்ட முதல் பொருள் அது.

"இது எப்படித் தானா வேல செய்யும்?" என்று என் கணவர் கேட்டார். முதலாளி அதன் குழாயின் ஒரு முனையைச் சட்டையில் துடைத்து, வாயில் வைத்து ஊதினார். தட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மூக்கு வெளியே எட்டிப் பார்த்தது. ஊதுவதை நிறுத்தியதும் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. நத்தை கொம்பை நீட்டி இழுப்பதைப் போலவே இருந்தது. "தண்ணி வந்தா அதுவே தள்ளிக்கிட்டு வரும். தண்ணி நின்னா உள்ளுக்குப் போயிரும், அழுக்குப் படாது" என்றார். என் கணவர் அதை வாங்கித் தானும் ஊதிப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வயது ஆள், விடாமல் நாலைந்து தரம் ஊதினார்.

"கொமட்டுல ஆணி ஓட்டை ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு தெரியுமா?" என்று முதலாளி கேட்டார். தெரியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து நீட்டினார். அதில் இரண்டு முடிச்சு. எப்போது போய் அளந்தார் என்று எனக்குத் தெரியாது. முதலாளி நூலைத் தட்டின் மேல் வைத்தார். அளவு பொருந்தியது.

ஆனாலும் அவர் உடனே கொடுக்கவில்லை.

"ஒங்களுக்குத் தண்ணி எங்க இருந்து வருது?"

"மலைலருந்து" என்றோம் இரண்டு பேரும்.

"டேங்க் எவ்வளவு ஒசரத்துல இருக்கு? கொஞ்ச ஒசரம்னா ஒழுகத்தான் செய்யும். கூட ஒசரம்னா ஊசி மாதிரிக் குத்தும், குழாயும் வெடிக்கும். அதுக்கேத்த வால்வு போடணும். பாத்துட்டுக் கோல் எடுங்க, சாமானப் பஸ்ஸுல போட்டு விடுறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பிறந்ததிலிருந்து நான் குடித்த தண்ணீர் அது. லயத்துப் பீலியில் கொட்டக் கொட்ட நின்று குளித்ததும் அதே தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. அவர் தனியாகப் போவதாகச் சொன்னார். "எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு" என்று நானும் கிளம்பினேன். பைப் போன வழியே தேயிலைக்கு நடுவில் ஏறினோம். வழுக்குகிற இடங்களில் அவர் பின்னாலிருந்து என் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தாங்கினார். நாங்கள் இருவரும் மூச்சு வாங்கிய இடத்தில் பாசி பிடித்த சிமெந்து டேங்க் இருந்தது. அவர் திரும்பிக் கீழே எங்கள் கூரையைப் பார்த்து, பக்கத்தில் நின்ற சவுக்கு மரத்தை அண்ணாந்து பார்த்தார். "நம்ம கூரையிலருந்து இந்த மரத்த ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்தினா நாலு வரும்" என்றார்.

வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் டேங்குக்குள் விழுகிற பைப் இன்னும் மேலே போனது. அது எங்கே போகிறது என்று பார்க்காமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை. தேயிலை முடிந்து காடு ஆரம்பித்தது. மரத்துப் பாசியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய கறுத்த பாறை. அதன் அடியில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

சத்தமே இல்லை. பீலியில் விழும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, தண்ணீர் பிறக்கிற இடத்தில் பெரிய ஆரவாரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது மூச்சு விடுவதைப் போல வந்தது. ஒரு காய்ந்த இலை வெடிப்பின் வாயில் மெதுவாகச் சுற்றியது. தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கிடந்த மணல் ஒவ்வொன்றாகப் புரண்டதால்தான் அங்கே தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்தது. அவர் குனிந்து இரண்டு கையிலும் ஏந்தி என் வாய்க்குக் கொண்டுவந்தார். பல் கூசியது.

திரும்பிப் பார்த்தேன். மூட்டம் விலகியிருந்தது. எங்கள் லயங்கள், தேயிலை அரைக்கிற ஸ்டோர், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே பச்சைக்குள் சிறு துண்டுகளாகக் கிடந்தன. அதற்குக் கீழே மலை சட்டென்று முடிந்து, தெற்கே சமவெளி வானம் வரைக்கும் விரிந்திருந்தது. நடுவில் ஒரு குளம் கண்ணாடித் துண்டு போல மின்னியது. நீர் தன் மட்டத்தைத் தேடும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். இரண்டு போத்தலையும் ஒரு குழாயையும் வைத்துப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியும் இருக்கிறேன். அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு பெரிய மலை நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆளும் இல்லை, மோட்டாரும் இல்லை. பாறைக்குள்ளிருந்து புறப்பட்டு, என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன அறை வரைக்கும் இது தானாக வந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் முதலாளிக்குக் கோல் எடுத்தோம். நாலு சவுக்கு மரம் என்று என் கணவர் சொன்னதும், "அப்ப ஒசரம் கூடத்தான். அடைச்சுத் தொறக்கிற வால்வும் சேத்து அனுப்புறேன், பாதிக்கு மேல தொறந்துறாதீங்க" என்றார். இரண்டு நாளில் என் கணவர் பெரகலச் சந்தியில் பஸ் கண்டக்டரிடமிருந்து பெட்டியை வாங்கிவந்தார்.

பூட்டுவதற்கு ஆள் கூப்பிடவில்லை. பெட்டிக்குள் இருந்த தாள் இங்கிலீசில் இருந்தது. நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசித்துச் சொன்னேன், அவர் உள்ளே முட்டிபோட்டுச் செய்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் நான் ஒரு வரியை முடிப்பதற்குள் அவர் கை அடுத்த வேலைக்குப் போயிருந்தது. "அந்த ரப்பர் வளையம் உள்ளுக்கா வெளியவா? பாரு" என்பார். நான் படத்தைப் பார்த்துச் சொல்வேன். ஒரு மணி நேரம் நான் கண்ணாகவும் அவர் கையாகவும் இருந்தோம்.

முடிந்ததும், "திறந்து பாக்குறேன்" என்று நெம்பைத் தள்ளினார். வால்வைக் குறைக்க மறந்துவிட்டார். சின்ன மூக்கு எட்டிப் பார்த்தது. அடுத்த நொடி தண்ணீர் பாய்ந்து கூரைத் தகரத்தில் படபடவென்று அடித்தது. அவர் தலை, சட்டை, மீசை எல்லாம் நனைந்தது. நெம்பை இழுக்கக்கூடத் தோன்றாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"யம்மாடி, என்னா பலம்!" என்றார், சாமி வந்து நிற்பதைப் பார்த்தவர் போல.

வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, ஒரு முழ உயரத்துக்கு மெதுவாக எழும்புகிற அளவுக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் படுகிற இடத்தில் கையை வைத்து வைத்துப் பார்த்தார். வெந்நீரில் குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு முன் சூடு பார்ப்பது போலப் பார்த்தார்.

மறுநாள் காலை படி இறங்கியதும் வாசலில் நின்று, "நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் தயங்கினார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவருடைய இருமல் மேலே பின்வாசலில் கேட்டது. அவ்வளவு தூரத்தில் அது கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.

வேலை முடிந்ததும் முழங்கையால் நெம்பைத் தள்ளினேன்.

"ஐயோ!"

அவர் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார். "என்னாச்சு? குத்துதா? ஏன்டி, என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. குளிரு!"

வெளியே அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே திரும்பப் படி ஏறியது கேட்டது. நான் மறுபடியும் நெம்பைத் தள்ளினேன். இந்த முறை குளிர் பழகிவிட்டது. பாறை வெடிப்பில் மணலைப் புரட்டிக்கொண்டிருந்த அதே தண்ணீர் என்று நினைத்ததும் உடம்பு முழுவதும் சிலிர்த்தது. யாரும் தொடாமல் நான் சுத்தமானேன். ஆணியில் தொங்கிய பழைய வேட்டித் துணியின் நுனியை விரல்களால் இழுத்து எப்படியோ ஒற்றிக்கொண்டேன். மீதியைக் காற்றே காய வைக்கட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் வந்துகொண்டிருந்தது. கதவு மூடியிருந்தது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மாசி வருவதற்குள் கட்டெல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். தட்டை நாங்கள் கழற்றவில்லை. அவருடைய முழங்காலுக்கும் அது சுகமாக இருந்தது. தோட்டத்தில் செய்தி பரவி, ஒவ்வொருவராகப் பார்க்க வந்தார்கள். "கரண்டே இல்லையா?" என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். என் கணவர் உடனே மலையைக் கைகாட்டி நாலு சவுக்கு மரத்துக் கதையைச் சொல்வார்.

லயத்தில் நான் பிறந்த வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் என்னோடு வளர்ந்த ஒருத்தி இருக்கிறாள். இப்போதும் கொழுந்து எடுக்கிறாள். ஒரு நாள் மலையிலிருந்து இறங்கியவள், யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தாள்.

"நான் ஒருதரம் போய்ப் பாக்கட்டுமாடி?"

"போ" என்றேன்.

அவள் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் நிற்பதும் திரும்ப வருவதுமாகக் கேட்டது. வெளியே வந்தபோது முகத்தையும் கழுவியிருந்தாள். படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசிப் பிள்ளை பெத்ததுலருந்து எனக்கு மூலம். ஏழெட்டு வருசமா எரிஞ்சிகிட்டே கெடக்கு. எரிச்சலோடதான் விடியப் பேரு போடப் பெரட்டுக்குப் போவேன், எரிச்சலோடதான் வருவேன். எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இப்பத்தான் அந்த எடம் கொஞ்சம் குளுந்துருக்கு" என்றாள்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, என் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கையசைத்துவிட்டு ஏறிப் போகிறவள். அந்த வலியோடு அத்தனை செங்குத்தை, அத்தனை வருஷம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா? இதுக்கு மருந்து இருக்குடி" என்றேன்.

"போய் என்னான்னு சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் கூட வாறேன், நான் சொல்றேன்."

அவள் யோசித்தாள். கீழே ஸ்டோரில் சங்கு ஊதியது. எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம வேலைக்குப் பேரு போட மாட்டேன். விடிய மொதல் பஸ்ஸுக்கு நில்லு" என்றாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நான் சந்திக்குப் போனபோது அவள் எனக்கு முன்னமே வந்து, புதுச் சேலை கட்டி, பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.